மருமகள் கொண்டுவந்த வாய்நெல்

குளத்தங்கரைக் காட்டு எலிகள் நெல் விதைத்துப் பிழைத்துவந்தன. அவற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகி வருகிற மருமகள், தாய்வீட்டு நெல்லை வாய்நிறைய ஒதுக்கிக்கொண்டு வரவேண்டும். அதற்கு வாய்நெல் என்று பேர். அதனால் சிவப்பு, கறுப்பு, குட்டை, நெட்டை என்று எல்லாம் கலந்து விளைந்தன.

மூக்காயி எலிக்கு அது பிடிக்கவில்லை. அவள் வயலில் ஒரு வெள்ளை நெல் குண்டுகுண்டாக விளைந்தது. அப்படியொரு ருசி! அன்றிலிருந்து அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

புது மருமகள் வாலாயி வந்தாள், வாயைத் திறந்தாள். உள்ளே கறுப்பு நெல்.

"இதென்னடி, ஆட்டுப் புழுக்கையா? துப்பு!"

"எங்க அம்மா வீட்டு நெல்லு அத்தை. நோய் அண்டாது!" வாயில் நெல்லோடு முனகினாள் வாலாயி.

"என் வெள்ளை நெல்லுக்கு என்னடி குறைச்சல்? துப்புன்னா துப்பு!"

துப்பினாள். காடை ஒன்று ஒரு மணி விடாமல் பொறுக்கித் தின்றது. பாவம், அன்றைக்கு அந்தப் பெண் சாப்பிடவே இல்லை.

மூக்காயி அதோடு விட்டாளா? ஊருக்கெல்லாம் வெள்ளை நெல்லை அள்ளிக் கொடுத்தாள். சம்பந்தி வீட்டுக்கும் சீராக அனுப்பினாள். எல்லா எலிகளும் பழைய விதையை விட்டு அதையே விதைத்தன. கரை முழுக்க ஒரே வெள்ளை. பார்த்துப் பார்த்துப் பூரித்தாள்.

அடுத்த மழைக்கு ஒரு பயிரில் நோய்ப் புள்ளி விழுந்தது. எல்லாம் ஒரே ரகம் ஆயிற்றே! ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது. கதிரெல்லாம் பதராய்ப் போயிற்று.

வாலாயியோ நிறைமாதம். வளையில் ஒரு மணி கிடையாது. மூக்காயி வெட்கத்தை விட்டுச் சம்பந்தி வீட்டுக்கு ஓடினாள்.

"சம்பந்தி! அந்தக் கறுப்பு நெல்லு ஒரு வாய் கொடுங்க! உங்க பொண்ணுக்காகவாவது கொடுங்க!"

சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க வெள்ளை நெல்லு வந்ததும் கறுப்பைத் தின்னு தீர்த்துட்டோமே! பொண்ணு வாயில கொடுத்து அனுப்பினோம், உங்ககிட்ட பத்திரமா இருக்கும்னு நினைச்சோம்..."

மூக்காயி திரும்பி நடந்தாள்.

வாலாயி வளை வாசலிலேயே நின்றாள். "கிடைச்சுதா அத்தை?"

"நான்தானேடி துப்பச் சொன்னேன்! பாவி, நான்தானே சொன்னேன்!" என்று மூக்காயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் எலிகள் கரையை விட்டுக் கிளம்பின. வயிற்றைத் தூக்க முடியாமல் வாலாயி கடைசியாக வந்தாள். மூக்காயி அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஒன்று நன்றாக விளைகிறதே என்று மற்ற விதைகளைத் தொலைத்தவர்களுக்கு, அந்த ஒன்றும் போகிற நாளில் கதியில்லை.