மேலைக்காட்டில் அகப்பட்ட திருடன்

முன்னொரு காலத்தில், மழைக்குச் சிவப்பு நிறம் இருந்த ஒரு நாட்டில், ராஜா மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூங்கிக்கொண்டிருந்தார். சித்திரை மாதம். வெளியே கோடை மழை பெய்து ஓய்ந்திருந்தது.

கனவில் அவருடைய நாடு நடந்து போனது. அரண்மனை வாசல் வழியாக, சத்தமில்லாமல் போனது. தோளில் பனைமரங்களைச் சாய்த்திருந்தது. இடுப்பில் வரப்புகளைச் செருகியிருந்தது. ராஜா கூப்பிட்டார். அது திரும்பிப் பார்க்காமல் கடல் பக்கம் போனது.

விழித்ததும் உப்பரிகைக்கு ஓடினார். கீழே ஆறு சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே சபை கூடியது. தன் மண்ணை யாரோ திருடுவதாக ராஜா சொன்னார். தை பிறப்பதற்குள் திருடனைச் சிறையில் அடைக்க வேண்டும். திருட்டுப் பொருளும் திரும்பி வர வேண்டும்.

நாட்டின் காவல் தளவாய் வல்லபராயரிடம் இருந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. களவு போன பொருள் கிடைத்தால், காவலுக்குப் பொறுப்பானவரே அதைத் தலையில் சுமந்து போய் உடையவர் வாசலில் இறக்க வேண்டும். காவல் தவறியதற்கு அதுதான் தண்டனை. வல்லபராயர் இதுவரை ஒரு வெள்ளிச் சொம்பும் ஒரு ஜோடிக் கொலுசும் சுமந்திருக்கிறார்.

திருடன் யார் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அவனுக்கு விலங்கு மாட்ட முடியாது என்பதும் தெரிந்தது. எதிர்வரிசையில் விகடன் காரிநம்பி உட்கார்ந்திருந்தான். ராஜா சிரிக்கும்போதெல்லாம் அவன் பக்கம் திரும்பித்தான் சிரிப்பார். தளவாய்க்கு அது பத்து வருடத்து வலி.

“மகாராஜா, திருடன் தண்ணீர்,” என்றார். “வாள் பிடித்த கைக்கு அகப்படமாட்டான். வாய் வல்ல காரிநம்பியை அனுப்புங்கள். பிடிக்காவிட்டால், மண் போன வழியே அவனும் நாட்டை விட்டுப் போகட்டும்.”

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. கனவு இன்னும் அவர் கண்ணில் இருந்தது. அப்படியே ஆகட்டும் என்றார்.

ஆற்றோரத்துச் சிவப்புக் கறையைப் பிடித்துக்கொண்டே காரிநம்பி மேலே நடந்தான். மூன்றாம் நாள் அது மேலைக்காடு என்ற மலையடி ஊரில் முடிந்தது. சரிவில் ஒரு பெண் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பெயர் சிலம்பாயி. அவளுடைய வரகுக்காட்டில் மண்ணைவிடப் பாறை அதிகம் தெரிந்தது.

திருடனைப் பார்த்தாயா என்று கேட்டான்.

“பாக்காம என்ன சாமி. வருசா வருசம் ஐப்பசியில வாரான். போன வருசம் முழங்கால் மண்ணு கெடந்துச்சு. இப்ப விரக்கடை. இதுவும் போச்சுன்னா நானும் அது பின்னாலயே கெளம்ப வேண்டியதுதான்.”

துரத்திப் பிடிக்க முடியாதா என்றான்.

“ஓடுறவனத் தொரத்துனா ஆகுமா? சரிவுக்குக் குறுக்க கல்லு வரப்பு போடணும். வரப்புக்கு வரப்பு செத்த நிப்பான். நின்னா, தூக்கிட்டு வந்த மண்ணக் கீழ வச்சிருவான். பெறகு கம்மாயில போயிப் படுத்துக்கிருவான். இப்பக் கம்மாயில படுக்க எடமில்ல. எங்க காட்டு மண்ணு பூராம் அங்கதான் மேடு தட்டிக் கெடக்கு. அள்ள ஆளில்ல சாமி. ஆம்பளைகளக் கோட்ட மதிலு கட்டக் கூட்டிட்டுப் போயிட்டாக.”

காரிநம்பி கண்மாயைப் போய்ப் பார்த்தான். உள்ளே மேடிட்ட மண்ணில் ஆடுகள் மேய்ந்தன. அவற்றின் முதுகுக்கு மேல் கரை தெரியவில்லை. அவன் ஒரு கருவேல நிழலில் படுத்து நன்றாகத் தூங்கினான்.

இருபது நாளாகத் தூங்குகிறான் என்று ஒற்றர்கள் வந்து சொன்னார்கள். தளவாய் அதை இனிப்புப் போல எடுத்துக்கொண்டு ராஜாவிடம் போனார். காரிநம்பியை அழைத்து வர ஆள் போனது.

அவன் தலையில் ஒரு கூடையோடு சபைக்குள் வந்தான். நடந்த வழியெல்லாம் வண்டல் உதிர்ந்தது.

“பாருங்கள் மகாராஜா. நம்பிய உங்கள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டான்,” என்றார் தளவாய்.

“இல்லை தளவாயாரே, மண் என் தலையில்தான் இருக்கிறது. இனி உங்கள் தலைக்கு மாறும்.” காரிநம்பி கூடையை ராஜாவின் காலடியில் இறக்கினான். “திருட்டுப் பொருள் அகப்பட்டுவிட்டது, மகாராஜா. திருடன் இதை மேலைக்காட்டுக் கண்மாயில் பதுக்கியிருக்கிறான். உடையவள் அடையாளம் சொல்வாள்.”

ராஜா வழக்கத்தை நினைத்தார். பிறகு மெதுவாகத் தளவாயைப் பார்த்தார்.

முதல் கூடையைத் தளவாய் சுமந்தார். அது ஆனி மாதம். பிறகு படையே சுமந்தது. கண்மாய் ஆழமானது. காடுகளில் மண் ஏறியது, மிச்சம் கரையில் ஏறியது. சரிவின் குறுக்கே கற்கள் வரிசையாக உட்கார்ந்தன. சிலம்பாயி வாசலில் நின்று ஒவ்வொரு கூடையிலும் கைவிட்டுப் பார்த்தாள்.

“தளவாயி சாமி, இது பக்கத்துக் காட்டு மண்ணு. நம்ம மண்ணு இன்னும் கொஞ்சம் செவப்பு.”

தளவாய் மறுபடி தூக்கிக்கொண்டு நடந்தார்.

ஐப்பசியில் மழை வந்தது. ராஜாவும் வந்தார். மேலிருந்து தண்ணீர் நடந்து இறங்கியது. ஒவ்வொரு வரப்பிலும் எதையோ யோசிப்பது போல நின்றது, பிறகு இறங்கியது. கண்மாய்க்குள் வானம் படுத்திருந்தது.

இதுதான் சிறையா என்று ராஜா கேட்டார். கரைதான் மதில், மடைதான் கதவு என்றான் காரிநம்பி.

“தப்பிக்க மாட்டானா?”

“தப்பிக்கிறான், மகாராஜா. தரைக்குள் இறங்கிப் போய் அதோ, சிலம்பாயியின் கிணற்றில் எட்டிப் பார்க்கிறான்.”

ராஜா கிணற்றில் குனிந்தார். உள்ளே ஒரு முகம் அசைந்தது. அதன் தலையில் கிரீடம் இருந்தது.

“காரிநம்பி, திருடன் என் கிரீடத்தைப் போட்டிருக்கிறான்.”

“ஆமாம் மகாராஜா. மேலைக்காட்டு ஆண்களையும் மதில் கட்டக் கொண்டுபோனவர் அவர்தான் என்கிறார்கள்.”

கிணற்றுக்குள் ஒரு துளி விழுந்தது. முகம் கலைந்து மீண்டும் கூடியது. ராஜா சிரித்தார். கிணறும் சிரித்தது.

தன் முத்துமாலையைக் கழற்றிக் காரிநம்பிக்குப் போட்டார். மதில் வேலை நின்றது. ஆண்கள் வீடு திரும்பினார்கள். ஆண்டுதோறும் ஆனியில் படை கண்மாய்களில் இறங்க வேண்டும் என்று கட்டளை பிறந்தது.

கரையில் ஒரு கூடை மண் மீதி இருந்தது. அது தன்னுடையது என்றாள் சிலம்பாயி. தளவாய் குனிந்தார். ராஜா அவரைத் தடுத்தார். கிரீடத்தைக் கழற்றிக் காரிநம்பியிடம் கொடுத்தார். கூடையைத் தூக்கி வைத்துக்கொண்டு சரிவில் ஏறினார்.

“மகாராஜா, உங்கள் தலையில் மண்,” என்றார் தளவாய், மெல்ல.

ராஜா சிரித்துக்கொண்டே நடந்தார். மழை பெய்தது. அதற்கு நிறம் இல்லை.