செங்கமலம் கொண்டுவந்த உறை

மதுரைப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் வைத்தியலிங்கம் தம்பதியரின் படுக்கையறை வாழ்க்கையை ஆராய்ச்சி செய்துவந்தார். வீடு வீடாகப் போய்க் கணவனிடமும் மனைவியிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிவந்தவள் செங்கமலம். பத்தாவதுதான் படித்தவள். ஆனால் அவளிடம் எந்தப் பெண்ணும் கூச்சமில்லாமல் பேசிவிடுவாள்.

வாரத்துக்கு எத்தனை முறை என்ற கேள்விக்குக் கணவர்கள் நான்கு என்றார்கள். அதே வீட்டு மனைவிகள் ஒன்று என்றார்கள்.

"பொம்பளைங்க வெட்கப்பட்டுப் பொய் சொல்றாங்க. நாளைக்குள்ள ரெண்டும் ஒத்துவரணும். இல்லேன்னா நீ வேலைக்கு வர வேண்டாம்" என்று கத்தினார் பேராசிரியர்.

மறுநாள் அவள் அவரிடமே ஒரு படிவத்தை நீட்டினாள். "நீங்க ஒண்ணு நிரப்பிக் கொடுங்க சார். யார் பொய் சொல்றாங்கன்னு தெரிஞ்சுடும்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு நான்கு என்று எழுதினார்.

செங்கமலம் ஒட்டிய உறை ஒன்றை மேசைமேல் வைத்தாள். "வர்ற வழியில உங்க வீட்டுக்குப் போயிட்டுத்தான் வந்தேன். பிரிக்கலாமா சார்?"

பேராசிரியர் அவசரமாகப் படிவத்தை இழுத்து, நான்கை அடித்து இரண்டு என்று எழுதினார். உறையைப் பார்த்தார். இரண்டு என்றதையும் அடித்து ஒன்று என்று எழுதினார். பக்கத்தில் 'சில வாரங்களில்' என்றும் சேர்த்தார்.

பிறகு உறையைப் பிரித்தார். உள்ளே வெறும் வெள்ளைத்தாள்.

"அம்மா காப்பி கொடுத்தாங்க சார். நான் ஒண்ணும் கேக்கல."

பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றுமுதல் ஒவ்வொரு வீட்டிலும் மனைவியின் பதிலை முதலில் வாங்கி உறையில் போட்டு ஒட்டி, அதை மடியில் வைத்துக்கொண்டே செங்கமலம் கணவர்களிடம் கேட்டாள். பதில்கள் ஒத்துப்போயின. கட்டுரையில் பேராசிரியர் தன் பெயருக்கு மேலே அவள் பெயரைப் போட்டார்.