சுமந்த கரடியின் முதுகு

கருங்குளக் காட்டில் விலங்குகளுக்கென ஒரு மருத்துவச்சாலை இருந்தது. எருமை அதன் தலைவர். நாரை மருத்துவம் பார்த்தது. நோயாளிகளைத் தூக்குவதும், குளத்துக்குக் கொண்டுபோய்க் கழுவுவதும், படுக்கையில் புரட்டி விடுவதும் கரடியின் வேலை. அதற்குத் துணையாக நான்கு மந்திகள் இருந்தன.

கரடி யாரையும் உதவிக்கு அழைக்காது. கால்களை விறைப்பாக ஊன்றி, இடுப்பை வளைத்து, உடலைத் திருகி, ஒரே மூச்சில் தூக்கிவிடும். காட்டுப்பன்றியானாலும் கடமானானாலும் அப்படித்தான். இருவர் சேர்ந்து தூக்குவது கையாலாகாதவர் செயல் என்பது அதன் எண்ணம்.

கீழே உட்கார்ந்த கரடி எழும்போது மரத்தைப் பிடித்துக்கொள்வதை நாரை பலநாள் கவனித்தது. ஒரு காலையில் தூக்குவோர் அனைவரையும் குளக்கரைக்கு வரவழைத்தது. வேலை தொடங்குமுன் முதுகை நீட்டி வளைக்கவும், முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழவும், சுமையை நெஞ்சோடு அணைத்து இருவராகத் தூக்கவும் பழக்கத் தொடங்கியது.

"எனக்கே நிற்கக் கற்றுத்தருகிறீர்களா, நாரையம்மா? நீங்கள் நிற்பதே ஒற்றைக்காலில்!" என்றது கரடி. மந்திகள் சிரித்தன.

"ஒற்றைக்காலில் நிற்பதற்கே எனக்கு இத்தனை பழக்கம் வேண்டியிருந்தது. நீ முழங்காலை மடக்கு," என்றது நாரை.

கரடி முணுமுணுத்தபடி மடக்கியது. இருபது நாள் கழித்து அது மரத்தைப் பிடிக்காமல் எழுந்தது. அதை யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் குளக்கரைக்கு முதல் ஆளாக வந்து நின்றது.

அந்த நாட்களில்தான் நோயுற்ற தன் தாயைப் பார்க்க ஒரு நரி வந்தது. கரடியும் மந்திகளும் குனிந்து நிமிர்வதைக் கண்டு நேரே எருமையிடம் சென்றது. உள்ளே நோயாளிகள் முனகிக் கிடக்க, வெளியே ஊழியர்கள் கூத்தடிக்கிறார்கள் என்று முறையிட்டது.

எருமை பழிச்சொல்லுக்கு அஞ்சும் இயல்புடையது. உடனே நாரையை அழைத்து, பயிற்சி வேண்டுமானால் வேலை முடிந்தபின் அவரவர் இருப்பிடத்தில் செய்துகொள்ளட்டும் என்று உத்தரவிட்டது.

"வேலை முடிந்தபின் அவர்களால் நிற்கவே முடிவதில்லை, ஐயா," என்றது நாரை.

"நிற்க முடியாதவர்களுக்குக் குதிக்க மட்டும் நேரம் வேண்டுமோ?" என்றது எருமை. பேச்சு அத்துடன் முடிந்தது.

மழைக்காலம் வந்தது. வழுக்கி விழுந்தவையும் வெள்ளத்தில் அடிபட்டவையுமாக நோயாளிகள் பெருகினர். பயிற்சி நின்றதால் பழைய வழக்கத்துக்கே திரும்பி, கரடி மறுபடியும் தனியாகத் தூக்கியது. வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கியது. எல்லோர் வலியையும் கேட்டு ஆறுதல் சொன்ன கரடி, தன் வலியைச் சொல்லவில்லை. தூக்குகிறவர் நோயாளி வரிசையில் படுப்பது அங்கே அவமானமாகக் கருதப்பட்டது.

ஒருநாள் கால் முறிந்த கடமானைக் குளத்துப் பாறையிலிருந்து தூக்கித் திரும்பியபோது, கரடியின் முதுகுக்குள் ஏதோ அறுந்தது. கடமான் கைநழுவிக் கழுத்து பாறையில் மோத விழுந்து, அங்கேயே இறந்தது. கரடியின் பின்கால்கள் அசையவில்லை.

மந்திகள் நான்கும் அதை இழுத்து வந்து படுக்கையில் போட்டன. இழுத்ததில் ஒரு மந்திக்குத் தோள் பிசகியது. இன்னொன்றுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மற்ற இரண்டும் தங்களுக்கும் அதே கதி வருமென்று அஞ்சிக் காட்டுக்குள் ஓடிவிட்டன. கரடியைப் புரட்டிவிட யாரும் இல்லை. அதன் முதுகில் புண் வந்தது. புண்ணில் புழு வைத்தது. நாரைக்கு மருந்து தடவ முடிந்தது, புரட்ட வலுவில்லை.

ஒன்பதாம் நாள் எருமை வந்து பார்த்தது. "வலிக்கிறது என்று முன்பே ஏன் சொல்லவில்லை?"

"வெட்கமாக இருந்தது, ஐயா. காலையில் எல்லோரோடும் சேர்ந்து நின்ற நாட்களில் அந்த வெட்கம் கொஞ்சம் விட்டிருந்தது. அதைத்தான் நீங்கள் நிறுத்திவிட்டீர்களே. போகட்டும். இப்போது என்னைப் புரட்ட யாரை அனுப்புவீர்கள்?"

எருமை வரிசையைப் பார்த்தது. பதினொரு நோயாளிகள் புரட்டுவாரின்றிக் கிடந்தனர். இரண்டு நாளில் கரடி இறந்தது. அதன் உடலை வெளியே எடுத்துச் செல்லவும் ஆளில்லை.

பிறரைத் தாங்குவோரின் உடலைப் பேணுவதும் பணியின் ஒரு பகுதியே. அதற்கு வேலை நேரத்தில் இடம் தராத தலைமை, தன்னை நம்பி வந்த நோயாளிகளையே கைவிடுகிறது.