உழவாரன் ஏன் தரையில் இறங்குவதில்லை

அந்தக் காலத்தில் பறவை பேசினால் மனிதனுக்குப் புரியும். புரிந்தும் காதில் போட்டுக்கொள்ள மாட்டான், அது வேறு விஷயம். அப்போது உழவாரக் குருவிக்குக் கோழியைப் போல நல்ல நீளமான கால்கள் இருந்தன.

ஸ்காட்லாந்தில் ஒரு மேட்டின்மேல் ஒரு கோபுர வீடு. மாடு திருட வரும் கூட்டத்துக்குப் பயந்து ஒரு பண்ணையார் கட்டியது. ஐந்து மாடி, கனத்த கல்சுவர், கையகல ஜன்னல்கள். கட்டும்போது சாரக் கம்பு செருகிய குழிகள் சுவரில் அப்படியே நின்றன. "இந்தக் குழியெல்லாம் உங்களுக்குத்தான். கொசுவைத் தின்னுட்டு சௌக்கியமா இருங்க" என்று அவரே உழவாரன்களிடம் சொன்னார். நல்ல மனுஷன்.

அவருடைய வாரிசுகள் நகரத்தில் மாளிகை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கூரை விழுந்தது. மாடிப்படியில் ஆடு படுத்தது. நூறு வருஷம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. கோடைதோறும் கடல் தாண்டி வந்து அங்கே குடும்பம் நடத்தியது உழவாரன் மட்டும்தான்.

பிறகு ஒரு கோடையில் அந்த வம்சத்துப் பெண் எல்ஸ்பெத் வந்தாள். பூர்வீக வீட்டைப் புதுப்பிக்கப் போகிறாளாம்! கூரை போட்டாள், தரை போட்டாள். நன்றாகத்தான் செய்தாள், இல்லையென்று சொல்லவில்லை. கடைசியாக வெளிச்சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. கொத்தனார் டூகல் கரண்டியோடு ஒரு குழியின் முன்னால் நின்றுவிட்டார்.

"அம்மா, உள்ளே குஞ்சு கத்துது. ரெண்டு வாரம் பொறுத்தா பறந்துடும்."

"ஞாயித்துக்கிழமை ஊரே பார்க்க வருது, டூகல். சுவத்துல ஓட்டை இருந்தா என்ன நினைப்பாங்க? பூசுங்க."

பூசினார்! குஞ்சுச் சத்தம் கேட்ட அதே காதை வைத்துக்கொண்டு பூசினார்!

தாய் உழவாரன் வாய் நிறையப் பூச்சியோடு திரும்பியபோது சுவர் வழுவழுவென்று வெள்ளையாக இருந்தது.

"எல்ஸ்பெத்! என் பிள்ளைங்க உள்ளே இருக்கு. திற!"

"பூச்சு காயட்டும். இப்போ தொட்டா தழும்பு விழுந்துடும்."

தழும்பாம்! அதற்குமேல் தாய் யாரிடமும் கெஞ்சவில்லை. ஈரச் சுண்ணாம்பைக் காலால் பிறாண்ட ஆரம்பித்தாள். சுண்ணாம்பு தோலை அரித்தது, கல் நகத்தைத் தேய்த்தது. பொழுது சாயும்போது குழி திறந்துகொண்டது. அவளுடைய நீளமான கால்கள் தேய்ந்துபோய் விரற்கடை அளவுதான் மிச்சம் இருந்தன. மூன்று குஞ்சுகளில் ஒன்றுக்குத்தான் மூச்சு இருந்தது.

அவள் எல்ஸ்பெத்தின் முகத்துக்கு நேராகப் பறந்து வந்து கத்தினாள்: "கூரை விழுந்தப்போ நீ எங்கே இருந்தே? சுவர் உன் முன்னோர் எங்களுக்குக் கொடுத்தது. அதை விட மாட்டோம். ஆனா உங்க மண்ணுல இனி என் இனம் கால் வைக்காது!"

அன்று முதல்தான் உழவாரன் தரையில் இறங்காமல் பறந்தபடியே தின்று, பறந்தபடியே தூங்குகிறது. கால் இருந்தும் நடக்க உதவாது, சுவரைப் பற்றிக்கொள்ளத்தான் ஆகும். கோடை மாலைகளில் அந்தக் கூட்டம் கோபுரங்களைச் சுற்றிச் சுற்றிக் கிறீச்சிடுகிறது. கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள், "ஆஹா, என்ன சந்தோஷமாப் பாடுது!" என்கிறார்கள். சந்தோஷமாம்!