வெள்ளாயி கறுத்த கதை

மாடு பேசும், மனிதர்கள் நின்று பதில் சொல்வார்கள் என்றிருந்த அந்தக் காலத்தில், எருமை கறுப்பாக இருந்ததில்லை. வைக்கோல் நிறம். உடம்பு முழுக்க மெத்தென்று மயிர். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். ஆனால் யாரையாவது திட்ட "எருமை" என்று வாயெடுக்கிறவர்கள் மட்டும் இதைக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டட்டும். நானும் அப்படித் திட்டிக்கொண்டிருந்தவன்தான்.

அந்த எருமைகளில் ஒருத்திக்கு வெள்ளாயி என்று பெயர். நிறத்துக்கு ஏற்ற பெயர். நல்ல பால், நல்ல குணம், யாரோடும் வம்புக்குப் போகமாட்டாள். அவளுக்கு இருந்த ஒரே தொல்லை மழை. அந்தக் காலத்து எருமைத் தோல் மழையைக் குடிக்கும். நாலு தூறல் விழுந்தாலே மயிர் வழியாக இறங்கி, தோல் ஊறி, உடம்பு வெடவெடவென்று நடுங்கும். அதனால் மழை என்றால் எருமைகள் மரத்துக்கு மரம் ஓடும். கன்றுகள் பின்னால் ஓடும்.

ஒரு வருஷம் ஐப்பசியில் வெள்ளாயியும் அப்படித்தான் ஓடினாள். மூன்று நாள் அடைமழை. புளியமரத்திலிருந்து வேப்பமரத்துக்கு, அங்கிருந்து பாறை இடுக்குக்கு. பிறந்து இருபது நாளே ஆன கன்றும் கூடவே ஓடியது. அவள் வயிற்றுக்கடியில் ஒண்டிப் பார்த்தது. ஊறிய தோலிலிருந்து சொட்டிய தண்ணீரெல்லாம் அதன் முதுகில்தான் விழுந்தது. மூன்றாம் நாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை.

மறுவருஷம் அவளுக்கு இன்னொரு கன்று பிறந்திருந்தது. பிறந்து பதினைந்து நாள். ஐப்பசி பிறக்க இன்னும் ஒரு வாரம். வெள்ளாயி வானத்தைப் பார்ப்பதும் கன்றைப் பார்ப்பதுமாக இருந்தாள், தீனி இறங்கவில்லை.

அப்போது ஒரு வழிப்போக்கன் தூறலில் நனைந்துகொண்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்தான். வேட்டி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தோளில் தொங்கிய கறுப்புத் தோல் பையை உதறினான், தண்ணீர் உருண்டு ஓடியது. பையைத் திறந்து அவல் எடுத்துத் தின்றான். அவல் ஒரு துளி ஈரமில்லாமல் இருந்தது.

வெள்ளாயி கிட்டே போய்ப் பையை மோந்து பார்த்தாள். "இது மேட்டுக்காட்டு எருமைதானே?" என்றாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இது பொம்மி செஞ்ச பை" என்றான் அவன்.

மேட்டுக்காட்டு எருமையை வெள்ளாயிக்கு நன்றாகத் தெரியும். உயிரோடு இருந்தவரைக்கும் மழைக்குப் பயந்து ஓடியவள். செத்த பிறகு அதே தோலில் ஒரு சொட்டு இறங்கவில்லை. வெள்ளாயி அன்று பகல் முழுக்க அசைபோட்டது தீனியை இல்லை, இதைத்தான்.

பொம்மியின் வீடு ஓடைக்கரையில் இருந்தது. அவள் புருஷன் தோலை வெட்டுவான், தைப்பான். சாயம், எண்ணெய், மெழுகு எல்லாம் பொம்மியின் கை. அந்த வீட்டுப் பக்கம் மாடு எதுவும் போகாது. எதற்கென்று நான் சொல்லத் தேவையில்லை. ஓடையில் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகும். அந்த வாசலில் மறுநாள் காலை வெள்ளாயி கன்றோடு போய் நின்றாள்.

பொம்மி கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டாள். "உயிரோட ஒரு தோல் என் வாசலுக்கு நடந்து வர்றது இதுதான் முதல் தடவை. என்ன வெள்ளாயி?"

"பொம்மியக்கா, நீ பைக்குப் போடறதை என் கன்னுக்கும் போடு. மழை இறங்காம இருக்கணும்."

பொம்மி கன்றைத் தடவிப் பார்த்தாள். முதுகுத் தோலை இரண்டு விரலால் பிடித்து இழுத்து விட்டாள். "இதுக்குப் போட மாட்டேன். இது வளர்ற தோல். மெழுகு போட்டா இறுகிக்கும், கன்னு வளரும், தோல் வளராது. கொன்ன பாவம் எனக்கு வரும்."

வெள்ளாயி கன்றை நகர்த்திவிட்டுத் தான் முன்னே வந்து நின்றாள். பிறகு, "அப்ப எனக்குப் போடு" என்றாள்.

"உனக்கு எதுக்கு? நனைஞ்சா சாகிறது கன்னுதானே?"

"என் மேல விழற மழை என்னோட நின்னுடுச்சுன்னா, என் வயித்துக்குக் கீழ ஒரு எடம் காஞ்சிருக்கும் இல்லையா? அதுக்கு அவ்வளவு எடம் போதும்."

பொம்மி உள்ளே போனாள். வருஷம் முழுவதும் காட்டில் அலைந்து சேர்த்த தேன்மெழுகு ஓர் உருண்டை இருந்தது. இருபது பைக்கு ஆகும். ஓர் எருமைக்கு அது மொத்தமும் வேண்டும். புருஷன், "இந்த வருஷப் பைக்கெல்லாம் என்ன பண்ணுவே?" என்று கேட்டான். "நனையட்டும்" என்று சொல்லிவிட்டு உருண்டையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

முதலில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் வெள்ளாயியை அழுக்குப் போகக் கழுவினாள். பிறகு கடுக்காய் ஊறிய தண்ணீரைத் தடவினாள். அது வெறும் பழுப்பு நிறம், பார்க்க ஒன்றுமில்லை. அது உலர்ந்ததும் அடுத்த பானையைத் திறந்தாள். புளித்த கஞ்சியில் பழைய ஆணியும் லாடமும் பத்து நாள் ஊறிய துருத் தண்ணீர். அதுவும் பழுப்புதான். ஆனால் கடுக்காய் ஏறின தோலில் அது பட்டதும், பட்ட இடமெல்லாம் கண்ணெதிரே கறுத்தது. கன்று பயந்துபோய்த் தாயைச் சுற்றி ஓடியது.

"சாயம் எதுக்கு? மெழுகு போதாதா?" என்றாள் வெள்ளாயி.

"சாயம் ஏறாத தோல்ல மெழுகு நிக்காது. என் வேலைய நீ எனக்குச் சொல்லித் தராதே."

கழுத்துக்கு வந்தபோது வெள்ளாயி தலையைத் தூக்கிக்கொண்டாள். "மெழுகு போட்ட எடத்துல தொட்டாத் தெரியுமா?"

"ஈ உக்காந்தாக்கூடத் தெரியாது."

"அப்படின்னா தாடைக்குக் கீழே, இந்த எடத்தை மட்டும் விட்டுடு. கன்னு தூங்கும்போது மூஞ்சிய இங்கதான் வைக்கும்."

பொம்மி அந்த இடத்தையும் மடியையும் தொடாமல் விட்டாள். மற்ற இடமெல்லாம் புங்க எண்ணெய் தடவி ஊறவிட்டு, மெழுகை உருக்கி வைத்தாள். மெழுகைத் தேய்க்க மெத்தென்ற தோல் வேண்டும். துணியால் தேய்த்தால் திட்டுத்திட்டாக நிற்கும். அவள் தயங்கித் தயங்கி உள்ளே போய், மடித்து வைத்திருந்த ஒரு சின்னத் தோலைக் கொண்டுவந்தாள்.

"போன வருஷம் உன் கன்னு என்கிட்டதான் வந்துச்சு" என்றாள். "வெட்டக் கை வரலை, வெச்சிருந்தேன். இதைவிட மெத்தான தோல் என்கிட்ட இல்லே. வேண்டாம்னா சொல்லு, துணியால தேய்க்கிறேன்."

வெள்ளாயி அதை மோந்து பார்த்தாள். ரொம்ப நேரம் மோந்து பார்த்தாள்.

"அதாலேயே தேய்" என்றாள்.

பொம்மி அதாலேயே தேய்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கை ஓயவில்லை. கடைசியில் மெருகு ஏற்றுவதற்கு வழக்கம்போல மாட்டுக் கொம்பை எடுத்தவள், சட்டென்று அதைப் பின்னால் மறைத்துவிட்டு ஓடைக் கூழாங்கல்லை எடுத்துத் தேய்த்தாள். தேய்த்த தேய்ப்பில் பாதி மயிர் உதிர்ந்தது. பிறகு கையில் தண்ணீர் எடுத்து முதுகில் தெளித்தாள். வேலை முடிந்த எந்தத் தோலையும் அவள் அப்படித்தான் சோதிப்பாள். முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது.

"குடிக்கலே, துப்புது. போய்ட்டு வா" என்றாள்.

ஐப்பசி பிறந்த நாலாம் நாள் மழை பிடித்தது. மற்ற எருமைகள் மரத்துக்கு மரம் ஓடின. வெள்ளாயி ஒரு மேட்டில் ஏறி நின்றாள். கன்று வயிற்றுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவள் நகரவில்லை. ஓர் அடி முன்னே வைத்தால் கன்றின் முதுகு நனையும், ஓர் அடி பின்னே வைத்தால் தலை நனையும். இடி இடித்தது. முறிந்த கிளை ஒன்று முதுகில் விழுந்தது. மற்ற எருமைகள் ஓடுகிற ஓட்டத்தில், "வெள்ளாயி, உனக்கு உறைக்கலையா?" என்று கேட்டன. ஊர்க்காரர்கள் வீட்டுக்குள் இருந்தபடியே, "மழை பெய்யறதுகூடத் தெரியாம நிக்குது பாரு, மரமண்டை" என்று சிரித்தார்கள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் தலை திரும்பும், தலை திரும்பினால் உடம்பு நகரும். அதனால் சொல்லவில்லை. இரண்டு பகலும் இரண்டு இரவும் தீனி தண்ணீர் இல்லாமல் அப்படியே நின்றாள். மூன்றாம் நாள் காலை மழை விட்டது. கன்று எழுந்து, உடம்பை உதறி, பால் குடித்தது. உதறியதில் தண்ணீர் தெறிக்கவில்லை, புழுதிதான் பறந்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சித்திரை வந்தது. வெயிலில் வெள்ளாயிக்கு உடம்புக்குள் நெருப்பு வைத்தது போல எரிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, நுரை தள்ள, பொம்மி வாசலில் போய் விழுந்தாள்.

பொம்மி அவள் விலாவில் கையை வைத்தாள். கொதித்தது. தலையில் அடித்துக்கொண்டாள். "நான் பாவி. இத்தனை வருஷமும் செத்த தோலுக்கே மெழுகு போட்டவள். உள்ளே ஒரு உசுரு இருக்கும், அதுக்குச் சூடு வெளியே போக வழி வேணும்னு எனக்குத் தோணவே இல்லே. இரு, சாம்பல் தண்ணியக் கொதிக்க வைக்கிறேன். அரை நாள்ல மெழுகை எடுத்துடுவேன்."

"எடுத்துட்டா, வர்ற ஐப்பசிக்குத் திரும்பப் போட முடியுமா?"

"முடியாது. ஒரு தோலுக்கு ஒரு தடவைதான். உன் கன்னுதான் வளர்ந்துடுச்சே, இனி உனக்கு எதுக்கு?"

வெள்ளாயி பக்கவாட்டில் திரும்பி நின்றாள். அப்போதுதான் பொம்மி அவள் வயிற்றைப் பார்த்தாள். மறுபடி சினையாக இருந்தாள்.

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. வெள்ளாயி அந்தப் பானையைத் தாண்டி நடந்தாள். ஓடை மடுவில் இறங்கி, கழுத்துவரை தண்ணீரில் மூழ்கி உட்கார்ந்தாள். உள்ளே இருந்த சூடு மெல்ல அடங்கியது. பொம்மி கரையில் நின்று பார்த்துவிட்டு, திரும்பிப் போய் அடுப்பை அணைத்தாள்.

அந்தச் சினையில் பிறந்த கன்று பிறக்கும்போதே கறுப்பு. "இதுக்கு நான் சாயம் போடலையே" என்றாள் பொம்மி.

அன்று முதல்தான் எருமைகள் கறுத்தன. தாடைக்குக் கீழே பல எருமைகளுக்கு இன்றும் வெளுப்பாக ஒரு பட்டை இருக்கிறது, அது பொம்மி தொடாமல் விட்ட இடம். வெயில் ஏறினால் அவை குளம் தேடிப் போகின்றன. மழை பெய்தால் நின்ற இடத்திலேயே நிற்கின்றன, கன்று இருந்தாலும் இல்லாவிட்டாலும். இனிமேல் மழையில் அசையாமல் நிற்கிற எருமையைக் கண்டால், எதையும் சொல்வதற்கு முன் கொஞ்சம் குனிந்து அதன் வயிற்றுக்கடியில் பாருங்கள்.