மயில் தோகை உதிர்த்த ஆவணி

காய்ந்த வாகை நெற்றுகள் காற்றில் குலுங்குவதைப் போன்ற ஒலி அது. முட்டையை விட்டு வெளியே வந்து இருபது நாள்கூட ஆகாதபோது நீலன் அதைக் கேட்டான். அம்மாவின் இறக்கைக்கு அடியில் சூடாகப் படுத்திருந்தான். ஒலி எழுந்ததும் அம்மாவின் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டுத் துடித்தது. வெளியே மரம் மரமாகப் பேச்சு அடங்கியது. சில்வண்டுகள்கூட வாயை மூடிக்கொண்டதாக அவனுக்குத் தோன்றியது.

"என்னம்மா அது?"

"அப்பா தோகையைக் குலுக்குறாரு. பேசாதே."

பறவைகள் வாய்விட்டுப் பேசிய காலம் அது. மேற்கு மலையின் அடிவாரத்தில், ஒரு குளத்தைச் சுற்றியிருந்த காட்டை மயில்கள் ஆண்டுவந்தன. குளக்கரையில் யானை படுத்ததுபோல ஒரு பாறை. அதன்மேல் ஏறி அரசர் தோகையை விரித்துக் குலுக்கினால் அது ஆணை. எதற்கு, ஏன் என்று கேட்கும் வழக்கம் இல்லை.

அன்றைய ஆணை மிகச் சின்னது. சாரல் நன்றாக விழுகிறது, நான் ஆடப்போகிறேன், எல்லோரும் வந்து பாருங்கள். அவ்வளவுதான். அடைகாத்த பறவைகளும் எழுந்து வந்தன. வராமல் இருக்க யாருக்கும் துணிவு இல்லை. அரசர் அழகாகத்தான் ஆடினார். இருட்டும்வரை ஆடினார். எல்லாம் முடிந்து பறவைகள் திரும்பிப் போனபோது, உடும்பும் சாரையும் வந்துபோன கூடுகளில் முட்டை ஓட்டுத் துண்டுகள் மட்டும் கிடந்தன.

அரசர் கொடியவர் அல்லர். அதுதான் இன்னும் கொடுமை. கூடு கூடாகப் போய்ப் பார்த்தார். ஒருவரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிழைத்திருப்பாரோ என்னவோ. அடுத்த பௌர்ணமிக்குள் போய்விட்டார். நோய் என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

பறவைகள் எல்லாம் இலுப்பை மரத்தில் கூடின. மரங்கொத்திதான் முதலில் பேசினான். "இனி ராசாவே வேண்டாம்வே. பாறை சும்மா கெடக்கட்டும்."

"சும்மா கெடந்தா நாளைக்கு நீரு ஏறி உக்காந்துக்கிடுவீரு," என்றார் செம்போத்து. அவர் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். யாராலும் குறுக்கே பேச முடியாது. அதனாலேயே அவரை அவைத்தலைவராக்கியிருந்தார்கள். "நீரு எறங்கினா பருந்து ஏறும். அந்தப் பாறையில எப்பவும் ஒருத்தன் உக்காந்திருக்கணும். ஆனா, பேசக் கூடாது. நமக்காகப் பேசுததுக்கு நம்மள்ல ஒருத்தன வருசா வருசம் நாமளே தேர்ந்தெடுப்போம்."

அப்படித்தான் ஒப்பந்தம் ஆயிற்று. சாரல் முடிந்து குஞ்சுகள் எல்லாம் பறக்கத் தொடங்கும் ஆவணியில் அவை கூடும். அப்படிப் பேசும் அமைச்சரே தொடர வேண்டும் என்பவர்கள் இலுப்பையிலேயே இருக்கலாம். வேண்டாம் என்பவர்கள் எதிரே உள்ள புளியமரத்துக்குப் பறக்க வேண்டும். புளியில் கூட்டம் அதிகமானால் அமைச்சர் இறங்கிவிட வேண்டும். கணக்கைச் செம்போத்து சொல்வார். அரசன் பாறைமேல் நின்று "ஆகட்டும்" என்பான். அந்த ஒரு சொல்தான் அவனுக்கு உண்டு. அமைச்சர் ஏழு நாளைக்கு ஒருமுறை விடியற்காலையில் பாறைக்கு வந்து காட்டின் நடப்பை அரசனிடம் சொல்ல வேண்டும். அங்கே பேசியது அங்கேயே இருக்க வேண்டும். அரசன் தோகையை விரிக்கலாம், அவையின் முன்னால் குலுக்கக் கூடாது. தன் பேட்டின் முன்னால் குலுக்கிக்கொண்டால் அது வீட்டு விஷயம், அவை தலையிடாது.

இத்தனையையும் கேட்டுவிட்டு, கொண்டை முளைக்காத தலையை ஆட்டி, அப்பாவின் இடத்துக்கு வந்த நீலன் முதன்முதலாக "ஆகட்டும்" என்றான். அவன் குரல் கீச்சென்று இருந்தது. இரண்டொரு பறவைகள் சிரித்தன. அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடித்திருந்தது. அப்பாவின் முன்னால் யாரும் சிரித்ததில்லை.

முதல் அமைச்சர் கொக்கு. எதைக் கேட்டாலும் ஒற்றைக் காலில் நின்று யோசிப்பார். யோசித்து முடிப்பதற்குள் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும், அல்லது தீராமலே பழகிவிடும். இரண்டு ஆவணி தாங்கினார். அடுத்து வந்த மரங்கொத்தி நேர்மாறானவன். வீடில்லாத பறவைக்கெல்லாம் பொந்து குடைகிறேன் என்று காட்டையே கொட்டு கொட்டென்று கொட்டினான். பொந்துகள் கிடைத்தன, கூடவே தலைவலியும் கிடைத்தது. அவனுக்கு நான்கு வருடம். பிறகு தவிட்டுக்குருவிகள். ஏழு பேரும் சேர்ந்து ஒரே அமைச்சர். பாறைக்கு வந்தால் ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். நீலனுக்கு யார் முகத்தைப் பார்ப்பதென்று தெரியாது. நாற்பது நாளில் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டு, ஆவணிவரைகூடப் பொறுக்காமல் பாதிப் பேர் புளிக்குப் போய்விட்டார்கள்; அத்தோடு பதவியும் போயிற்று.

ஒவ்வொருவர் போகும்போதும் நீலனுக்கு வருத்தமாக இருந்தது. வாரம் தவறாமல் எதிரே நின்று பேசிய ஒருவர் மறுவாரம் வராமலிருப்பது பழகவே இல்லை. கொக்கு போன பிறகு, ஒற்றைக் காலில் நிற்கும் நாணலைக்கூட அவன் சில நாள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்காவதாகக் கரிச்சான் வந்தான். ஒரு பிடிக்குள் அடங்கும் உடம்பு, அடுப்புக்கரி நிறம், பிளந்த வால். முதல் நாள் பாறைக்கு வந்தபோது இன்னும் விடிவெள்ளிகூட மறையவில்லை.

"என்ன கரிச்சா, இவ்வளவு சீக்கிரம்?"

"வல்லூறு எந்திரிக்கதுக்கு முன்னாடி நான் எந்திரிச்சாத்தான ராசா கதை நடக்கும்?"

அதுதான் அவன் ஆட்சி. விடியுமுன் எழுந்து காட்டையே எழுப்புவான். உச்சாணிக் கிளையில் அமர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். வல்லூறின் நிழல் தெரிந்தால் நெருப்புத் துண்டு மாதிரி பாய்ந்து, அதன் பிடரியில் கொத்திக் கொத்தி மலைவரை துரத்திவிட்டு வருவான். மூன்று வருடத்தில் ஒரு குஞ்சுகூடப் போகவில்லை. வாரம் ஒருமுறை பாறைக்கு வந்து, வல்லூறைப் போல, கீரியைப் போல, செம்போத்தைப் போலக் குரலெழுப்பிக் காட்டுவான். செம்போத்தின் குரலில் "அமைதி! அமைதி!" என்று அவன் சொல்லும்போது நீலன் கொண்டை ஆடச் சிரிப்பான். அரசனுக்குச் சிரிக்க வேறு இடம் ஏது?

மூன்றாம் ஆவணிக்கு முந்தின விடியலில் கரிச்சான் விளையாட்டுக் காட்டவில்லை.

"நாளைக்கு நான் போயிருவேன் ராசா. மணிப்புறா ஆள் சேக்குதா."

"மணிப்புறாவா? உன் மரத்திலேயே, உனக்குக் கீழ்க்கிளையில்தானே கூடு கட்டியிருக்கிறாள்!"

"அதனாலதான் அவளுக்கு என் சத்தம் ரொம்பக் கேக்கும். ஒரு நாளாவது விடியத் தூங்கணும்ங்கா. நியாயந்தான."

நீலன் எழுந்து பாறையில் அங்குமிங்கும் நடந்தான். "உனக்கு வல்லூறின் குரல் தெரியும். நாளைக்கு அவை கூடியதும் ஒரே ஒரு தடவை கத்து. அத்தனை பேரும் உன்னிடம் ஓடி வருவார்கள்."

கரிச்சான் அவனை ஒரு பக்கமாகத் தலைசாய்த்துப் பார்த்தான். "பொய்யா ஒருக்கக் கத்திட்டா, பொறவு நெசமா கத்தும்போது எவன் நம்புவான்?"

"அப்படியானால் நான் ஏதாவது செய்கிறேன்."

"நீங்க ஒண்ணும் செய்யக் கூடாது ராசா." அவன் குரலில் கோபம் இல்லை. "உங்க அப்பா ஆட்டத்தப் பாக்க எங்க அம்மாவும் போனா. எனக்கு முன்னாடி அண்ணன் அக்கான்னு மூணு பேரு இருந்திருக்கணும்."

நீலன் நடப்பதை நிறுத்தினான். கிழக்கு வெளுத்தது. கரிச்சான் காட்டை எழுப்பப் பறந்து போனான்.

மறுநாள் இலுப்பை மரம் தாங்காத கூட்டம். மணிப்புறா தொண்டையை உருட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். பொல்லாதவள் இல்லை; தூக்கம் கெட்டவள்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். மூணு வருசமா யாராவது ஒரு வல்லூறு குஞ்சத் தூக்கினதப் பாத்தியளா?"

"இல்ல," என்றன பறவைகள்.

"பொறவு வல்லூறே இல்லாத காட்டுல காவலு எதுக்கு? வெள்ளி முளைக்கையிலயே எழுப்பி விடுதானே, எங்க பிள்ளைய தூங்காண்டாமா?"

"அவன் காவல் காத்ததாலதான் வல்லூறு இல்லம்மா!" என்று கொக்கு ஒருநாளும் இல்லாத வேகத்தில் சொல்லிவிட்டு, அவசரப்பட்டுவிட்டோமோ என்று மறுபடி யோசிக்கத் தொடங்கினார்.

"தூங்காண்டாமா? எங்க பிள்ளைய தூங்காண்டாமா?" என்று மணிப்புறா சொன்னதையே சொல்லிக் கிளிகள் கூச்சலிட்டன. மைனா இறகைக் கோதிக்கொண்டிருந்தாள். அடுத்த அமைச்சர் அவள்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

செம்போத்து உறுமினார். பறவைகள் எழும்பின. மணிப்புறா முதலில் புளிக்குப் போனாள். போகிறபோது கரிச்சானின் பக்கத்தில் சற்றுத் தாழ்ந்து, "தப்பா நெனைக்காதியும் தம்பி," என்றாள். "தூங்கி எந்திரிங்க அக்கா," என்றான் அவன். புளியங்கிளைகள் வளைந்தன. ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. ஆனாலும் செம்போத்து எண்ணினார்.

"புளியில அம்பத்தி மூணு. இலுப்பையில முப்பத்தொம்பது."

இப்போது பாறையிலிருந்து அந்த ஒரு சொல் வர வேண்டும்.

நீலன் வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. கரிச்சானைப் பார்த்தான். அடுத்த வாரம் பாறைக்கு வராத கரிச்சானை. வல்லூறுகள் வரும்; பதவி இல்லாத கரிச்சான் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்; இத்தனை குஞ்சுகளும்... நீலனுக்கே தெரியாமல் முதுகில் ஏதோ எழுந்தது. தோகை விரிந்தது. குளத்தின் மேல் பச்சையும் நீலமுமாக நிழல் விழுந்தது. பிறகு, காய்ந்த வாகை நெற்றுகள் குலுங்கின.

மரங்கள் இரண்டும் ஊமையாயின. பறவைகள் கிளையோடு கிளையாக ஒடுங்கின. அந்த ஒலியைக் கேட்டே அறியாத குஞ்சுகளும் தாயின் இறக்கைக்குள் புகுந்தன. மணிப்புறா கண்ணை மூடிக்கொண்டு நடுங்கினாள். எழும்பி இலுப்பைக்குத் திரும்பிவிட இரண்டு கிளிகள் இறக்கையைத் தூக்கின. நீலன் கரிச்சானைத் தேடினான். வல்லூறின் முதுகில் ஏறிக் கொத்திய அந்தக் கரிச்சான், தலையைத் தாழ்த்தி, பிளந்த வாலைச் சுருக்கி, ஒரு கரித்துண்டாகக் கிளையில் பதுங்கியிருந்தான்.

யார் முன்னாலும் அவன் அப்படி இருந்ததில்லை.

தோகை நின்றது. ஒலி அடங்க நேரம் பிடித்தது. நீலன் கழுத்தை வளைத்தான். முதுகுக்குப் பின்னால் அலகை நீட்டி, ஒரு நீண்ட இறகைப் பற்றி இழுத்தான். அது வேரோடு வந்தது. பாறையில் போட்டான். இன்னொன்று. அடுத்து இன்னொன்று.

"ராசா, என்ன செய்தீய?" என்று செம்போத்து பதறினார். அவர் குரல் முதன்முறையாகச் சன்னமாக இருந்தது.

"இது முதுகில் இருக்கும்வரை நான் நல்லவனாகவே இருப்பேன் என்று எனக்கு நம்பிக்கை இல்லை," என்றான் நீலன். "அப்பாவும் நல்லவர்தான்."

கடைசி இறகு விழும்போது வெயில் ஏறியிருந்தது. பாறையின்மேல் குட்டை வாலோடு, முதுகில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகளோடு, ஒரு பெரிய கோழியைப் போல அரசன் நின்றான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவன் புளியமரத்தைப் பார்த்துச் சொன்னான்.

"ஆகட்டும்."

கூட்டம் கலைந்த பிறகு கரிச்சான் பாறைக்கு வந்தான். ஒப்பந்தப்படி இனி அவன் அங்கே வரக் கூடாது. அன்று செம்போத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வலிக்கா ராசா?"

"முளைத்துவிடும்."

"முளைக்கும். முளைச்சு, அடுத்த ஆவணிக்கு முழுசா வந்து நிக்கும்."

"அப்போது மறுபடி உதிர்த்துவிடுவேன்."

கரிச்சான் பாறையில் கிடந்த ஓர் இறகை அலகால் ஒதுக்கினான். பிறகு, "உங்களுக்கு இனிம யாரு குரல் காட்டுவா?" என்று கேட்டான்.

"மைனாவுக்கும் நன்றாக வரும் என்கிறார்கள்."

"அவளுக்கு வல்லூறு வராது. தொண்டை போதாது," என்றான் கரிச்சான். அதைச் சொன்னபோது இருவருக்குமே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அவன் போய்விட்டான்.

மைனா நன்றாகவே ஆண்டாள். யாரையும் விடியுமுன் எழுப்பவில்லை. வல்லூறு பத்தாம் நாள் வந்தது. பதவி இல்லாத கரிச்சான் உச்சாணிக் கிளையிலிருந்து பாய்ந்து அதை மலைவரை துரத்திவிட்டு வந்தான். மணிப்புறாவின் இரண்டு குஞ்சுகளும் தப்பின. அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஆனால் அடுத்த கூட்டையும் அவன் மரத்தில்தான் கட்டினாள். அவளைப் பார்த்து மாம்பழக்குருவியும் அங்கே கூடு கட்ட வந்தது.

அந்த ஆவணியிலிருந்துதான், சாரல் ஓய்ந்து அவை கூடும் நாள் நெருங்கினால் ஆண்மயில்கள் தங்கள் நீண்ட தோகையை ஒவ்வோர் இறகாக உதிர்த்துவிடுகின்றன. காடு தன் அமைச்சரைத் தேர்ந்துகொள்ளும்வரை, அந்தத் தேர்வைக் குலுக்கி மாற்றிவிட எந்த அரசனிடமும் ஒன்றும் இருக்கக் கூடாது என்று.

கரிச்சானை அவை மறுபடி அமைச்சராக்கவில்லை. அவன் அதற்குப் பிறகு நான்கு கோடை இருந்தான். அவன் கூட்டில் கடைசியாகப் பொரித்த குஞ்சுகள் பறந்துபோன மறுநாள் காலையில், தன் மரத்தடியில் இறந்து கிடந்தான்.