மாசிலாமணியின் முதுகு

ஆற்றங்கரை மடத்துக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. அந்த வாசலுக்குத் தானே காவல் என்பதில் தாண்டவனுக்கு அப்படியொரு பெருமை. சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், ஐம்பது வயதுக்குமேல் மடத்தின் தலைவி மங்கையம்மையிடம் சீடனாக வந்து சேர்ந்தான். அம்மை அவனைவிடச் சின்னவள்.

மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன்மேல் குறை சொல்ல வருகிறவர்கள் முதலில் அவன் காலைக் கழுவிவிட வேண்டும். பிறகுதான் வாயைத் திறக்கலாம்.

அன்று காலை சந்தைக்காரர்கள் நாலைந்து பேர் மாசிலாமணியைக் கயிற்றால் கட்டி இழுத்து வந்தார்கள். மாசிலாமணி குடிப்பான். குடிக்காத நாளிலும் கண்ணுக்குத் தெரியாத யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருப்பான். அவனைச் சந்தைக் கம்பத்தில் கட்டி, தெளிகிறவரை அடிப்பது என்று பேசி முடித்திருந்தார்கள். அம்மையும் சரியென்று சொல்லிவிட்டால் பாவம் சேராது என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

தாண்டவன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். அவனுக்கும் குழப்பம்தான்.

"அம்மா, இது குடியா, பைத்தியமா? எதுன்னு தெரிஞ்சாத்தானே என்ன செய்யறதுன்னு சொல்ல முடியும்?"

"செம்பு போதாது. அண்டாவைக் கொண்டா."

கட்டை அவிழ்த்தார்கள். வாழைக்காய் மண்டி ரத்தினவேலு முகத்தைச் சுளித்துக்கொண்டே குனிந்து காலைக் கழுவினார். எழுந்திருக்கப் போனவரை அம்மை விடவில்லை. முதுகையும் கழுவச் சொன்னாள்.

சட்டை லேசில் வரவில்லை. ரத்தம் காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் எடுக்க முடிந்தது. உள்ளே பழைய தழும்பு, புதுக் காயம், பீடியால் சுட்ட வட்டம். ரத்தினவேலுவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் மேல. அங்கதான் அரிக்குது" என்றான் மாசிலாமணி.

அம்மை தாண்டவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது குடியால வந்ததா, பைத்தியத்தால வந்ததா? நல்லாப் பார்த்துச் சொல்லு."

தாண்டவன் செம்பை வைத்துவிட்டு, தானும் முதுகைக் கழுவ உட்கார்ந்தான்.

இவன் என்றைக்காவது யாரையாவது அடித்துவிடுவானோ என்ற பயம்தான் என்று ரத்தினவேலு இழுத்தார். இதுவரை யாரை அடித்திருக்கிறான் என்று அம்மை கேட்டாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

தாண்டவனுக்கு இன்னும் குழப்பம் தீரவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் குடியை விட்டுவிட்டு வா என்கிறார்கள், இன்னோர் ஆஸ்பத்திரியில் மனசைச் சரிபண்ணிக்கொண்டு வா என்கிறார்கள், இவனை எங்கே கொண்டுபோவது என்று கேட்டான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற இடம் கிடைக்கிறவரை தானே கூட அலைவதாக அம்மை சொன்னாள்.

மத்தியானம் பந்தி போட்டார்கள். அம்மைக்குப் பக்கத்து இலை மடத்தின் மூத்த சீடருக்கு உரியது. அம்மை மாசிலாமணியைக் கூட்டிவந்து அதில் உட்காரவைத்தாள்.

தாண்டவன் சாதக் கரண்டியோடு நின்றான்.

"அம்மா, அது தவம் பண்ணினவங்க உட்கார்ற இடம்."

"இத்தனை அடி வாங்கியும் இவன் யார்மேலயும் கை ஓங்கலை, தாண்டவா. அதைத்தானே இத்தனை வருஷமா உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கப் பார்க்கறேன்? இவன் பக்கத்துல உட்கார்றது எனக்குத்தான் பெருமை. சாதத்தைப் போடு."